மூடிய பிறகு முழிப்பதா?

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்மணியைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பானையைக் கையில் எடுத்ததும் அவர் விலையைக் கேட்பதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். "கணீர்" என்று ஓசை வந்தால்தான் பேரம் தொடங்குகிறது. "டப்" என்று கேட்டால் பானை மறுபடியும் குவியலுக்கே போய்விடுகிறது. இந்தச் சோதனைக்கு அவருக்கு ஆகும் நேரம் ஒரு வினாடி. செலவு ஒன்றும் இல்லை.

அதே பெண்மணியின் குடும்பம் வீடு கட்டுகிறது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அதில் போகிறது. நகை அடகுக் கடையில் இருக்கிறது. பாங்கியில் இருபது வருடக் கடன். குளியல் அறைச் சுவரில் காடி வெட்டி, தண்ணீர்க் குழாயைப் பதிக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே கொத்தனார் வந்து அதன்மேல் சிமெண்டு பூசி விடுகிறார். அடுத்த வாரம் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியாகி விடுகிறது.

உள்ளே போன குழாயை யாராவது தட்டிப் பார்த்தார்களா? இல்லை!

ஒரு மண்பானைக்கு நடக்கிற சோதனை, பல லட்சம் ரூபாய் வீட்டுக்கு நடக்கவில்லை. இது என்ன நியாயம்?

சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிற குழாய் எதுவானாலும் சரி. அதில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் வைத்துப் பார்த்த பிறகுதான் அதை மூட வேண்டும். அதுவரை ஒரு கரண்டி சிமெண்டுகூட அதன்மேல் விழக்கூடாது. வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் இதைக் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே தெரிந்த காலம்

முன்பெல்லாம் வீடுகளில் குழாய்கள் சுவருக்கு வெளியேதான் ஓடின. ஜி.ஐ. குழாய் எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அவை. மரைகளில் சணலைச் சுற்றி முறுக்கி இணைப்பார்கள். சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்துவார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் ஒரு பெரிய நன்மை இருந்தது. எந்த இணைப்பில் ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்காரர் பார்ப்பார். ஒரு ஸ்பானரும் கொஞ்சம் சணலும் இருந்தால் அரை மணியில் வேலை முடிந்துவிடும்.

பிறகு அழகு வந்தது. குழாய் தெரியக்கூடாது என்ற ஆசை வந்தது. இன்று சாதாரணக் குடும்பத்தின் வீட்டில்கூட குழாய்கள் சுவருக்குள்தான் போகின்றன. ஆசைப்பட்டதில் தவறு இல்லை. சுவருக்குள் குழாயைக் கொண்டு போகட்டும். ஆனால் அப்படிக் கொண்டு போகிறவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். குழாய் மறைந்தால் அதன் குற்றமும் சேர்ந்து மறைந்துவிடும்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒழுகும் குழாயைச் சுவரில் மறைக்க முடியும். ஆனால் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு சுவரே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு சொட்டுதானே!

"ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ஒழுகினால் என்ன குடி முழுகி விடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

ஏறக்குறைய 20 சொட்டுத் தண்ணீர் சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால், ஒரு நாளில் 86,400 சொட்டு. அதாவது 4 லிட்டருக்கு மேல். ஒரு வருடத்தில் 1,500 லிட்டரையும் தாண்டிவிடும்!

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடைக்குப் போனாலும் பரவாயில்லை. அது செங்கல்லுக்குள் போகிறது. பூச்சுக்குள் போகிறது. கான்கிரீட்டுக்குள் போகிறது. முதலில் சுவரில் ஓதம் ஏறுகிறது. பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது. உப்புப் பூக்கிறது. பூச்சு பொரிந்து விழுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை ஈரம் எட்டிவிட்டால் துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது உப்பி, கான்கிரீட்டையே பிளக்கிறது.

இவற்றைவிட பயங்கரமானது ஒன்று உண்டு. அதே சுவருக்குள்தான் மின்சாரக் கம்பிகளும் போகின்றன. ஈரம் அந்தக் குழாய்க்குள்ளும் சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் புகுந்தால் என்ன ஆகும்? ஈரச் சுவரைத் தொடுகிற குழந்தைக்கு அது தெரியுமா?

தண்ணீர்ப் பஞ்சத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைச் சுவருக்குக் குடிக்கக் கொடுப்பதைவிட மடமை வேறு என்ன இருக்கிறது?

யார் மேல் பழி?

சுவர் ஈரமானதும் வீட்டில் ஒரு நாடகம் தொடங்கும். முதல் பழி பெயிண்டுக்காரர் மேல் விழும். "மட்டமான பெயிண்ட் அடித்துவிட்டான்" என்பார்கள். சுரண்டி விட்டு மறுபடி அடிப்பார்கள். மூன்று மாதத்தில் அது மறுபடியும் உரியும். அடுத்த பழி மழையின் மேல். மொட்டை மாடிக்கு ஓடு பதிப்பார்கள். அதற்கு ஒரு செலவு. ஓதம் அப்படியே இருக்கும். கடைசியில்தான் யாரோ ஒருவர், "குழாயில் ஏதாவது கோளாறாக இருக்குமோ?" என்பார்.

எங்கே கோளாறு? அதுதான் யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஒழுகும் இடம் ஒன்று, ஈரம் தெரியும் இடம் வேறு. குழாயின் முதுகோடு வழிந்து, பூச்சின் ஓட்டையோடு இறங்கி, பத்தடி தள்ளி அது முகம் காட்டும். ஆகவே குத்துமதிப்பாக உடைக்க வேண்டும். ஒரு டைலை உடைத்தால் பக்கத்து டைலும் கீறும். ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய அதே நிற டைல் இன்று கடையில் கிடைக்குமா? கிடைக்காது. குளியல் அறை ஒட்டுப்போட்ட சட்டையைப் போல் ஆகிவிடும்.

அடுக்குமாடி வீடாக இருந்தால் கதை இன்னும் மோசம். மேல் வீட்டுக் குழாய் ஒழுகும். கீழ் வீட்டுக் கூரை நனையும். "உங்கள் வீட்டுத் தண்ணீர்" என்பார் கீழே இருப்பவர். "எங்கள் வீட்டில் ஒன்றும் ஒழுகவில்லையே" என்பார் மேலே இருப்பவர். இரண்டு பேரும் சொல்வது உண்மை! சுமுகமாக இருந்த இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள, ஒட்டாமல் விட்ட ஒரே ஒரு இணைப்பு போதும்.

தொட்டித் தண்ணீர் போதாது

"சோதனை செய்துதான் மூடினோம். மாடித் தொட்டியில் தண்ணீரை நிரப்பித் திறந்து விட்டுப் பார்த்தோம். எங்கும் ஒழுகவில்லை" என்று சில மேஸ்திரிகள் சொல்வார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல்தான். ஆனால் அது சோதனை ஆகாது. காரணம் எளியது.

10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் அடியில் ஒரு சதுர சென்டி மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் இருக்கும். ஆனால் மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடிக் குளியல் அறையில் என்ன உயரம் கிடைக்கும்? 3 மீட்டர், மிஞ்சிப் போனால் 4 மீட்டர். ஆகவே அழுத்தம் அரைக் கிலோகூட இல்லை. இந்த மெல்லிய அழுத்தத்தை எந்த இணைப்பும் தாங்கும். பசை போட மறந்து, வெறுமே செருகி வைத்த பிளாஸ்டிக் இணைப்புகூட சில வேளைகளில் ஒழுகாமல் நிற்கும்!

வீட்டுக்காரர் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று ஒரு பிரஷர் பம்பு வாங்கி மாட்டுகிறார். குழாயில் அழுத்தம் 2 கிலோ, 3 கிலோ என்று ஏறுகிறது. இத்தனை நாள் சும்மா இருந்த இணைப்பு அன்றைக்கு வாயைத் திறக்கிறது. "பம்பு வைத்ததால்தான் கெட்டது" என்கிறார்கள். உண்மை அதுவல்ல. கெட்டது அன்றைக்கே கெட்டிருந்தது. பம்பு அதைச் சொன்னது, அவ்வளவுதான்.

ஆகவே, குழாய் அன்றாடம் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிட அதிகமாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

குளிர் நாட்டில் ஒரு பாடம்

இந்த விஷயத்தில் குளிர் நாடுகளிடமிருந்து ஒரு பாடம் படிக்கலாம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய்கள் உண்டு. குளிப்பதற்கு மட்டும் அல்ல. வீட்டையே சூடாக்குவதற்கு! சமையல் அறையிலோ வேறு மூலையிலோ ஒரு பாய்லர் இருக்கும். அதில் சூடான தண்ணீர் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் போகும். அறைச் சுவரில் தகடு போன்ற ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். தண்ணீர் அதற்குள் புகுந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய், மறுபடி பாய்லருக்கே திரும்பும்.

இந்தக் குழாய்களில் பெரும்பாலானவை மரத் தரைப் பலகைக்கு அடியிலோ சுவருக்குள்ளோ மறைந்திருக்கும். சில வீடுகளில் ரேடியேட்டரே கிடையாது. தரைக்குள்ளேயே குழாயைச் சுருள் சுருளாகப் பதித்து, மேலே சிமெண்டுத் தளம் போட்டுவிடுவார்கள். தரையே சூடாக இருக்கும்.

இப்போதைய பாய்லர் முறைகள் பலவற்றில் தண்ணீர் அடைபட்டே சுற்றுகிறது. ஆறியிருக்கும்போது அதன் அழுத்தம் 1 கிலோ முதல் 1.5 கிலோ வரை இருக்கும். பாய்லரில் உள்ள முள் அதைக் காட்டும். முள் அடிக்கடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைத் தேடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. புதுத் தண்ணீரோடு பிராண வாயுவும் உள்ளே போகும். ரேடியேட்டரின் இரும்பு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சேறு சேர்ந்து குழாயை அடைக்கும். நடுங்கும் குளிர்காலத்தில் வீடு சூடில்லாமல் கிடக்கும்.

அதனால் அங்கே நல்ல தொழிலாளி என்ன செய்கிறார்? பலகையை மூடும் முன்பே குழாயில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கிறார். தரைக்குள் பதிக்கும் குழாயாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சோதனை முடிந்த பிறகும் அழுத்தத்தை இறக்குவதில்லை. தளம் போட்டு முடியும் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தளம் போடுகிறவரின் மண்வெட்டி குழாயைக் குத்தினால், முள் உடனே விழுந்து சொல்லிவிடும்!

குடிநீர்க் குழாய்க்கும் அங்கே விதி உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, புதுக் குழாய் தான் வேலை செய்யும் உச்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்ட வேண்டும். செம்பு போன்ற உலோகக் குழாய் என்றால் ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

அங்கேயும் தவறு நடக்காமல் இல்லை. ஈயப் பற்று வைக்க மறந்த செம்பு இணைப்பு, சில நாள் ஒழுகாமல் ஏமாற்றுவது உண்டு. பலகையை மூடும்போது ஆணி குழாயில் இறங்குவதும் உண்டு. மனிதன் எங்கும் மனிதன்தான். மறதி எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் மறதிக்கு மருந்து சோதனை என்பதை அவர்கள் விதியாகவே எழுதி வைத்துவிட்டார்கள். குளிர் நாட்டு வெந்நீருக்கு உள்ள நியாயம், தமிழ்நாட்டுத் தண்ணீருக்குப் பொருந்தாதா?

சோதனை எப்படி?

இது பெரிய வித்தை அல்ல. ஒரு கைப் பம்பு வேண்டும். அதில் கடிகாரம் போன்ற பிரஷர் கேஜ் இருக்கும். பல பிளம்பர்களிடம் இது இருக்கிறது. இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வேறு ஒன்றும் வேண்டாம்.

முதலில், பசை வைத்து ஒட்டிய சி.பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் குழாய் நன்றாகக் காய வேண்டும். ஒரு முழு நாள் விடுவது நல்லது. பிறகு டேப் வரும் இடம் ஒவ்வொன்றிலும் மூடி போட்டு முறுக்க வேண்டும். வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் சேரும் இடத்தில், ஒரு சிறு ஹோஸ் கொண்டு இரண்டையும் இணைத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோதனை ஆகிவிடும். தொட்டிப் பக்கம் வால்வை மட்டும் நம்பக்கூடாது. அங்கும் மூடி போட வேண்டும். வால்வு ஒழுகினால் பழி குழாய் மேல் விழும் அல்லவா?

அடுத்து, தண்ணீரை மெதுவாக நிரப்ப வேண்டும். மேலே உள்ள ஒரு வாயைத் திறந்து வைத்துக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இது முக்கியம். தண்ணீரை அமுக்கிச் சிறியதாக்க முடியாது. ஆகவே உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தால், கொஞ்சம் ஒழுகினாலும் முள் இறங்கிவிடும். காற்று சிக்கியிருந்தால் அது பஞ்சு மெத்தையைப் போல் விரிந்து கொடுக்கும். முள் இறங்கத் தாமதமாகும். ஒழுகலும் மறைந்துவிடும்.

இப்போது பம்பை அடிக்கலாம். எவ்வளவு அழுத்தம்? வீட்டில் என்றைக்காவது வரக்கூடிய உச்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். பிரஷர் பம்பு வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாய்க் கம்பெனி தரும் குறிப்புத் தாளில் சோதனை அளவு எழுதியிருக்கும். அதற்கு மேல் போகக்கூடாது. பிளாஸ்டிக் குழாய் முதலில் சற்று விரிந்து கொடுக்கும். அதனால் முள் லேசாக இறங்கலாம். சிறிது நேரம் விட்டு மறுபடி ஒரு முறை அடித்துச் சரி செய்தபின் எண்ணைக் குறிக்க வேண்டும்.

சுவரிலேயே பென்சிலால் எழுதி வைக்கலாம். மணி என்ன, முள் எதில் நிற்கிறது என்று இரண்டு வரி. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அதன் அடியில் பழைய செய்தித்தாளின் ஒரு துண்டை வைக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு மணி நேரம் சோதனை அழுத்தத்தில் நிற்கட்டும். பிறகு வழக்கமான அளவுக்குக் குறைத்து, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் வீட்டுக்காரரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் குழாய் சூடானால் முள் ஏறும். இரவுக் குளிரில் சற்று இறங்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் ஒழுகல். ஒழுகும் இணைப்பின்மேல் பசையைத் தடவி ஒப்பேற்றக் கூடாது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பிறகு சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் தண்ணீருக்குப் பதில் கம்ப்ரசர் காற்றை அடைத்துச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் குழாயில் இது கூடவே கூடாது! அடைபட்ட காற்று வெடிமருந்தைப் போன்றது. குழாய் உடைந்தால் சில்லுகள் பறக்கும். கண் போய்விடும்.

கழிவுநீர்க் குழாயையும் மறக்கக்கூடாது. அதற்குப் பம்பு வேண்டாம். அடிவாயை அடைத்து, தண்ணீரை நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். தாழ்வாக விட்ட குளியல் அறைத் தளத்திலும் நீர்க் காப்புப் பூச்சு முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ் அறைக் கூரையைப் பார்க்க வேண்டும்.

பிளம்பருக்கு அவமானமா?

"இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். என் வேலையில் சந்தேகமா?" என்று கோபித்துக்கொள்ளும் பிளம்பர்கள் உண்டு. அவர்கள் ரோஷம் புரிகிறது. ஆனால் அதற்கு இங்கே இடம் இல்லை. நகையை உரைத்துப் பார்ப்பதால் ஆசாரிக்கு அவமானம் உண்டா? நல்ல தங்கத்துக்கு உரைகல் எதிரி அல்ல, சாட்சி!

உண்மையில் இந்தச் சோதனையால் அதிக நன்மை அடைகிறவர் பிளம்பர்தான். அவர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு அந்தச் சுவரில் யார் யாரோ வேலை செய்கிறார்கள். தச்சர் ஆணி அடிக்கிறார். மின்சார வேலைக்காரர் டிரில் போடுகிறார். டைல்ஸ் வேலையில் மிஷின் ஓடுகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் பழி யார்மேல்? போனவர்மேல்தான்! "நான் ஒப்படைத்த அன்று முள் இந்த எண்ணில் நின்றது" என்று காட்ட ஒரு படம் இருந்தால், அந்த ஏழைத் தொழிலாளியின் கூலியும் பெயரும் காப்பாற்றப்படும். பூச்சு முடியும் வரை குழாயில் அழுத்தத்தை வைத்திருந்தால், ஓட்டை போட்டவர் யார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

"நேரம் இல்லை, சார்!"

இதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். கிரகப் பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. கொத்தனாரும் சித்தாளும் வந்து நிற்கிறார்கள். அவர்களைச் சும்மா உட்கார வைத்தால் ஒரு நாள் கூலி தண்டம்.

இது நியாயமான கவலைதான். ஆனால் ஒரு நாளை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் கூலி தண்டமாகாது. குளியல் அறையில் முள் நிற்கும் அன்று, கொத்தனார் வேறு அறையில் பூசட்டும். வீடு ஐம்பது வருடம் நிற்க வேண்டும். அதில் ஒரே ஒரு நாள் குழாய்க்குக் கொடுக்க முடியாதா? வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கல்யாணத்தில் ஜாதகம் பார்க்க எத்தனை நாள் அலைகிறார்கள்! குழாயின் ஜாதகத்தைப் பார்க்க ஓர் இரவு அதிகமா?

சட்டம் யாரைக் காக்கும்?

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு இன்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டுமான வேலையில் குறை கண்டு சொன்னால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரி செய்து தர வேண்டும். ஆகவே புத்திசாலியான கட்டடக் கம்பெனி, குழாயைச் சோதித்துத்தான் மூடும். அந்தச் சோதனைக் குறிப்பை வீடு வாங்குகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படக் கூடாது.

ஆனால் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து வீடு கட்டுகிற லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை. அவர்களுக்குத் துணை அவர்களேதான். கொத்து வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: "வீட்டுக்காரர் முன்னிலையில் குழாய்ச் சோதனை முடிந்த பிறகே பூச்சு வேலை தொடங்கும்; அதன் பிறகே குழாய் வேலைக்கான பெரிய தவணை கொடுக்கப்படும்." பணம் கையில் இருக்கும் வரை பேச்சுக்கு மதிப்பு உண்டு. பணம் போன பிறகு செய்யும் போனுக்குப் பதில் வராது.

பாங்கிகளும் ஒரு காரியம் செய்யலாம். வீட்டுக் கடனைத் தவணை தவணையாகக் கொடுக்கும்போது, எத்தனை தளம் எழும்பியிருக்கிறது என்று என்ஜினீயரை அனுப்பிப் பார்க்கிறார்கள். பூச்சு வேலைக்கான தவணைக்கு முன் "குழாய்ச் சோதனை ஆயிற்றா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் என்ன? கடன் வாங்கியவரின் சுவர் நன்றாக இருந்தால், கடன் கொடுத்தவரின் அடமானமும் நன்றாக இருக்கும்.

மூடுவதற்கு முன் கடைசியாக ஒன்று. குழாய் போகும் சுவர்களை எல்லாம் படம் எடுத்து வைக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று டேப்பை வைத்துப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. பத்து வருடம் கழித்து மகன் அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது, அந்தப் படம் குழாயைக் காப்பாற்றும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாயைப் பற்றிக் கவலைப்பட்டும் பயன் இல்லை. ஒழுகலைத் திறந்த சுவரில் கண்டுபிடித்தால் அது சில ரூபாய் இணைப்பு. மூடிய சுவரில் கண்டுபிடித்தால் அது சில ஆயிரம் ரூபாய் இடிப்பு.

ஆகவே, நாளைக் காலை பூசுவதற்குக் கொத்தனார் கரண்டியை எடுக்கும்போது, வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "முள் எங்கே நிற்கிறது?"

பதில் வந்த பிறகு பூசட்டும்!